அவசரம் எனில் அழைக்கவும்

கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் சௌந்தரத்தின் பணிப்பதிவேட்டில், 'அறிந்த மொழிகள்' என்ற இடத்தில் ஒன்பது டிக் இருந்தன. தமிழ், ஆங்கிலம், தெலுங்கு என்று மூன்று வரிசை. பேச, படிக்க, எழுத என்று வரிசைக்கு மூன்று கட்டம். ஒன்பதில் ஏழு உண்மை. மீதி இரண்டும் இருபத்தெட்டு வருஷமாக யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாமல் பீரோவுக்குள் படுத்திருந்தன.

அந்த டிக்குகளை அவள் போடவில்லை. வேலையில் சேர்ந்த அன்று பதிவேடு எழுதிய குமாஸ்தா, தலையைத் தூக்காமல், "தாய்மொழி என்னம்மா?" என்றார்.

"தெலுங்கு சார்."

"தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் மூன்று கட்டத்திலும் டக் டக் டக்கென்று அடித்துவிட்டார். தாய்மொழி பேசத் தெரிந்தவருக்குப் படிக்கத் தெரியாமல் போகும் என்று அவருக்குத் தோன்ற வழியில்லை. அவர் தாய்மொழி தமிழ், அது பஸ்ஸின் நெற்றியிலிருந்து பால் கவர் வரைக்கும் எழுதிக்கிடந்தது. சௌந்தரம் கையெழுத்துப் போட்டாள். வேலை கிடைத்த நாளில் டிக்கைப் பற்றி யார் சண்டை போடுவார்கள்?

அவள் வீட்டுத் தெலுங்கு எந்தக் காலத்தில் கடலூருக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. வரும்போது எழுத்தை வழியில் எங்கேயோ விட்டுவிட்டு வந்தது என்பது மட்டும் தெரியும். செம்மண்டலத்து வீட்டில் மளிகைச் சீட்டில் அவள் தமிழ் எழுத்தில் 'பப்பு, நூனெ, பெல்லம்' என்று எழுதுவாள். அவள் கணவர் தட்சிணாமூர்த்தி கடையில் போய் அதைப் பருப்பு, எண்ணெய், வெல்லம் என்று படிப்பார். வாடகை, சம்பளம், ரேஷன், மாமியார் வீட்டுச் சண்டை இவையெல்லாம் தமிழாகவே அந்தத் தெலுங்குக்குள் குடிவந்து நாளாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "ஏமிரா, செப்புரா" என்று கேலி செய்ததில், அந்த மொழி வாசற்படியைத் தாண்டாமல் இருக்கப் பழகிக்கொண்டது. தாண்டினாலும் அதற்கு வெளியே ஒரு வேலையும் இருக்கவில்லை.

அப்படி ஒரு வேலை, போன மார்கழியில் வந்தது.

சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கு ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வரும். அவர்களுக்குப் புரியும்படி உதவி மையப் பலகைகள் தமிழ், ஆங்கிலத்தோடு தெலுங்கிலும் வைக்கப்பட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கூடவே ஒரு நிபந்தனை. கைபேசி மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்கக்கூடாது. முன்பு எங்கேயோ 'ஆண்கள் கழிப்பறை' என்பதைக் கைபேசி 'ஆண்களைக் கழிக்கும் அறை' என்று ஆக்கிவிட்டதாம். ஆகவே மொழி அறிந்த அலுவலர் ஒருவர், 'படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது' என்று சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும்.

சுற்றறிக்கையை அலுவலர் மலர்க்கொடி வாசித்து முடிப்பதற்குள், அன்புமணி பீரோவைத் திறந்து பதிவேடுகளை எடுத்துவிட்டான். அவனும் உதவியாளன்தான். கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் முதல் பெயர் சௌந்தரம், இரண்டாவது அன்புமணி, காலி இடம் ஒன்று. பதிவேட்டில் பொய்த்தகவல் இருப்பதாகத் தெரிந்தால் முதல் பெயர் அடிபடும், இரண்டாவது பெயர் மேலே ஏறும். அலுவலகத்தில் கூட்டுபவருக்கும் தெரிந்த விஷயம் இது.

"மேடம், நம்ம சௌந்தரம் அக்காவே இருக்காங்களே," என்று அன்புமணி பக்கத்தை விரித்துக் காட்டினான். "பேச, படிக்க, எழுத. மூணுமே டிக்கு."

மலர்க்கொடிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஏம்மா, இத்தினி வருஷமா சொல்லவே இல்ல?"

"யாரும் கேக்கல மேடம்," என்றாள் சௌந்தரம். அதுவும் உண்மைதான்.

"போர்டுல போடுற நம்பரும் அக்காகிட்டயே இருக்கட்டும் மேடம்," என்றான் அன்புமணி. "கண்ட்ரோல் ரூம்ல தெலுங்குல பேசுனா யாருக்குப் புரியும்? பாவம், பக்தருங்க."

பக்தர்கள் மேல் அவனுக்கு அவ்வளவு கரிசனம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

பலகையில் எழுத வேண்டியது ஒரே வரி: 'அவசரம் எனில் அழைக்கவும்.' கீழே ஒரு கைபேசி எண். எண்ணை எழுதுவதில் பிரச்சினை இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில் சௌந்தரம் கைபேசியில் அந்த வரியைத் தமிழில் தட்டித் தெலுங்காக மாற்றச் சொன்னாள். திரையில் வட்ட வட்டமாக எழுத்துகள் வந்து நின்றன. ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டாள். உள்ளிருந்து ஒரு பெண்குரல், "அத்யவசரமைதே பிலவண்டி" என்றது.

"அத்யவசரமா?" என்றாள் சௌந்தரம்.

தட்சிணாமூர்த்தி பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "என்னாவாம்?"

"அவசரம்னு சொல்றதுக்கு அத்யவசரம்ங்குது. திக்குவாய் மாதிரி."

"மெஷினு தானே. நம்ம ஊட்ல யாராச்சும் அத்யவசரம்னு சொல்லிக் கேட்டிருக்கோமா?"

கேட்டதில்லை. அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது அம்மா "அவசரம், அவசரம்" என்றுதான் தெலுங்கில் கத்தினாள். தாய்ப்பாலோடு வந்த சொல்லை ஒரு மெஷின் வந்து திருத்துவதா? அன்றைக்குத்தான் சௌந்தரத்துக்குத் தன் தெலுங்கின் மேல் முதன்முதலாகக் கர்வம் வந்தது. வந்த கர்வம் இரண்டு வாரம் கழித்து வந்திருக்கலாம்.

எந்த எழுத்து 'த்ய' என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் காது இருந்தது. முதல் எழுத்தை அழித்துவிட்டு ஒலிபெருக்கியைத் தொட்டாள். குரல் என்னமோ உளறியது. திரும்பப் போட்டாள். இரண்டாவதை அழித்தாள். "அவசரமைதே பிலவண்டி" என்றது குரல், சுத்தமாக.

"அதான் தெலுங்கு," என்றார் தட்சிணாமூர்த்தி.

மறுநாள் ராஜவேலின் ஃப்ளெக்ஸ் கடையில் அச்சடித்து விரித்தார்கள். ராஜவேல் பீடியை அணைத்துவிட்டு வந்து நின்றான்.

"எழுத்து ஓகேவாக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு. தலைகீழா இருந்தாக்கூட எனக்குத் தெரியாது."

சௌந்தரம் கைபேசியையும் ஃப்ளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்து வளைவுகளை எண்ணினாள். பாதி எழுத்துகளின் தலையில் சின்னதாக ஒரு டிக் இருந்தது. தெலுங்கு எழுத்தே அப்படித்தான் போலிருக்கிறது, பிறக்கும்போதே சரிபார்க்கப்பட்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். "சரியாத்தான் இருக்கு," என்றாள். அலுவலகத்துக்குப் போய், 'படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது' என்ற தாளில் கையெழுத்தும் போட்டாள்.

பலகைகள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலும் நான்கு வீதிகளிலும் ஏறின. கீழ வீதியில் ஒரு பந்தல் போட்டு, மேசை போட்டு, பார்வையாளர் கருத்துப் பதிவேடு ஒன்றை நூல் கட்டிய பேனாவோடு வைத்து, சௌந்தரத்தைப் பத்து நாளைக்கு உட்கார வைத்தார்கள். மேற்பார்வைக்கு அன்புமணி. தமிழ்ப் பலகையின் எண் அவனிடம், தெலுங்குப் பலகையின் எண் அவளிடம்.

முதல் நாள் காலை ஏழரைக்கு அவள் கைபேசி அடித்தது.

"அம்மா, பப்பு சாதம் எந்த ஓட்டலில் நன்றாக இருக்கும்?" என்று ஓர் ஆண்குரல் தெலுங்கில் கேட்டது.

அவசர எண்ணில் கேட்கிற கேள்வியா என்று நினைத்தாலும், சௌந்தரம் ஓட்டல் சொன்னாள். வைப்பதற்குள் அடுத்தது. தேர் எத்தனை மணிக்கு? திருநள்ளாறுக்கு பஸ் எங்கே நிற்கும்? வெந்நீர் உள்ள ரூம் கிடைக்குமா? பிள்ளைக்குப் பால் எங்கே கிடைக்கும்? செருப்பைக் கிழக்குக் கோபுரத்தில் விட்டுவிட்டு மேற்கில் வெளியே வந்துவிட்டேன், இப்போது நான் நிற்பது எந்தத் திசை? ஒரு கிழவி எதுவும் கேட்காமல், மருமகளைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு வைத்தாள்.

"ஆந்திராக்காரங்களுக்கு அவசரம் ஜாஸ்திப்பா," என்றான் அன்புமணி. அவனுடைய எண்ணுக்கு இரண்டு நாளில் ஒரே ஓர் அழைப்பு வந்திருந்தது. அதுவும் கேஸ் சிலிண்டர் ஏன் வரவில்லை என்று கேட்டு.

சௌந்தரம் பேசினாள். ஐம்பத்திரண்டு வயதில், பட்டப்பகலில், நடுவீதியில், நாற்காலி போட்டு உட்கார்ந்து தெலுங்கு பேசினாள். அவள் தெலுங்கைக் கேட்டு எதிர்முனையில் சிலர் சிரித்தார்கள். "மீ ஊரு ஏதம்மா?" என்று கேட்டார்கள். "கடலூரே" என்பாள். "உங்கள் தெலுங்கு எங்கள் தாத்தா பேசின மாதிரி இருக்கிறது" என்று ஒருவன் சொன்னான். வாடகை, ரேஷன் எல்லாம் அவனுடைய தாத்தா சொல்லியிருக்க மாட்டார் என்று சௌந்தரம் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது.

நான்காம் நாள் மழை. மத்தியானம் ஒரு குரல் அலறியது. "அத்யவசரம் அம்மா! அத்யவசரம்!"

திருக்குளத்துப் படியில் அப்பா வழுக்கி விழுந்துவிட்டார், தலையில் ரத்தம் என்றான் அந்த ஆள். சௌந்தரம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, வழி சொல்லி, அந்த ஆளை அழாமல் பேசவைத்து, வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஐந்து தையல், பயமில்லை என்று சாயங்காலம் சொன்னார்கள்.

அப்புறம்தான் அவளுக்கு அந்தச் சொல் உறைத்தது. அத்யவசரம். மெஷின் சொன்ன சொல். திக்குவாய் என்று அவள் அழித்த எழுத்து, ஒரு மனிதனின் தொண்டையிலிருந்து ரத்தமும் சதையுமாக வந்திருந்தது. உயிர் போகிற காரியத்துக்கு அத்யவசரம் என்றால், பலகையில் தான் விட்டுவைத்த அவசரம் என்பதற்கு அர்த்தம் என்ன? யாரைக் கேட்பது? கேட்டால் கேட்டவளுக்குத் தெலுங்கு தெரியாது என்று ஆகும். கேட்காவிட்டால் பலகை அங்கேயே தொங்கும்.

விடை ஆறாம் நாள் தானாகவே நடந்து வந்தது. வேட்டி, குடை, கழுத்தில் மஃப்ளர். நெல்லூரில் தெலுங்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற சுப்பாராயுடு.

"அந்த வாக்கியத்தை எழுதியது நீங்களா?" என்று தெலுங்கில் கேட்டார். சௌந்தரம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "நான்தான்" என்றாள்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, நான் காசிக்குப் போயிருக்கிறேன், பூரிக்குப் போயிருக்கிறேன். போர்டு என்றால் நிற்காதே, துப்பாதே, தொடாதே. எங்கள் ஊரிலும் அத்யவசரம் என்றால்தான் கூப்பிடச் சொல்வார்கள். இங்கே மட்டும்தான் 'தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்' என்று ஓர் அரசாங்கம் எழுதியிருக்கிறது. பெற்ற தாய் சொல்கிற மாதிரி."

தேவைப்பட்டால். அதுதானா! சௌந்தரத்துக்குக் கிழவியின் மருமகள் கதை வரைக்கும் அத்தனை அழைப்பும் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கடலூர் வந்த தெலுங்கு, தமிழ் அவசரத்தைக் கட்டிக்கொண்டு தன் பழைய அர்த்தத்தைத் தலைமுழுகியிருக்கிறது. அது அவள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடிய நிலைமையில் அவள் இல்லை. வாத்தியார் அதற்குள் கருத்துப் பதிவேட்டை இழுத்து, நூல் பேனாவால் ஒரு பக்கம் முழுக்கத் தெலுங்கில் எழுதிக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மலர்க்கொடியின் ஜீப் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றது.

"யாரு இவரு? என்னா எழுதியிருக்காரு?" என்று பதிவேட்டைப் பார்த்தார் மலர்க்கொடி.

"அக்கா படிச்சுச் சொல்லுவாங்க மேடம்," என்றான் அன்புமணி. சொல்லிவிட்டு, சினிமா ஆரம்பிக்கப் போகிறவன் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பதிவேடு சௌந்தரத்தின் முன்னால் நகர்ந்து வந்தது. நீல மையில் வட்டம் வட்டமாக, தலையில் டிக் டிக்காக ஒரு பக்கம். கண்ணாடியைத் துடைத்தாள். மாட்டினாள். கண்ணாடியில் குறை எதுவும் இல்லை. இருபத்தெட்டு வருஷமும் அந்தப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு அவளையே பார்த்தன.

பதிவேட்டைத் தூக்கினாள். இரண்டு கையாலும் வாத்தியாரிடம் நீட்டினாள்.

"மீரே சதவண்டி சார்," என்றாள். நீங்களே படியுங்கள். பிறகு மலர்க்கொடி பக்கம் திரும்பி, "பெரியவரு, வாத்தியாரு. அவரு எழுதினத அவரு வாயால படிக்கச் சொல்றதுதான் மேடம் மரியாதை. நான் கூடவே தமிழ்ல சொல்றேன்," என்றாள்.

வாத்தியார் மனம் குளிர்ந்துவிட்டது. வகுப்பு முழுக்க உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுந்து நின்று, ஏற்ற இறக்கத்தோடு படித்தார். சௌந்தரம் வரிக்கு வரி தமிழில் சொன்னாள். காதில் விழுகிற தெலுங்கு அவளுக்கு ஒரு சொல்லும் தப்பாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். 'தேவைப்பட்டால்' என்று சொல்ல வேண்டிய இடத்தில், "அவசரம்னா கூப்பிடுங்கன்னு போட்டது அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்," என்றாள்.

மலர்க்கொடி கைதட்டினார். அன்புமணியும் தட்டினான், ஆனால் அவன் பார்வை அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

திருவிழா முடிந்தது. அறிக்கை போயிற்று. பதினைந்து நாளில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. 'மேற்படி பத்து நாட்களில் தமிழ் பேசும் பக்தர்களுக்கு இரண்டு அவசரங்கள் மட்டுமே ஏற்பட்டிருக்க, தெலுங்கு பேசும் பக்தர்களுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அவசரங்கள் ஏற்பட்டது எங்ஙனம் என்பதற்கு உரிய விளக்கம் அளிக்கவும்.'

"கொள்ளை நோய் வந்த மாதிரி கேட்டிருக்காங்களே!" என்று மலர்க்கொடி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சௌந்தரம், நீங்களே எழுதுங்க."

சௌந்தரம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். 'தவறாக மொழிபெயர்த்துவிட்டேன்' என்று எழுதினால் சான்றளித்த கையெழுத்து பொய். கையெழுத்து பொய் என்றால் பதிவேடு பொய். கண்காணிப்பாளர் நாற்காலி போயிற்று. வாத்தியார் கும்பிட்டது ஞாபகம் வந்தது. கடைசியில் இப்படி எழுதினாள்: 'அவசரம் என்னும் சொல் தெலுங்கில் தேவை எனப் பொருள்படும். பக்தர்கள் தமக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் அழைத்துள்ளனர் என்பதைப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.'

முழுக்க முழுக்க உண்மை. அது தனக்கு எப்போது தெரியவந்தது என்று மேலிடம் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவது அலுவலக நடைமுறை இல்லை.

அன்புமணி அதைப் படித்தான். "அப்படின்னா போர்டு தப்பாக்கா?"

"எதுக்குத் தப்பு? தெலுங்கு போர்டுல தெலுங்குதான இருக்கு."

அதற்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பக்தர்களின் மனமறிந்து சொல்லைத் தேர்ந்த அலுவலருக்குப் பாராட்டு. வரும் ஆண்டிலிருந்து தமிழ்ப் பலகையிலும் 'தேவை எனில் அழைக்கவும்' என்றே எழுத வேண்டும் என்று உத்தரவு. அதன் பின்னாலேயே பதவி உயர்வுக்கான படிவமும் வந்தது. அதில் அறிந்த மொழிகள், அதே கட்டங்கள்.

தமிழுக்கு மூன்று டிக், ஆங்கிலத்துக்கு மூன்று டிக் போட்டாள் சௌந்தரம். தெலுங்குக்கு வந்து பேனாவை நிறுத்தினாள். இந்த முறை டிக்கைப் போடுவது குமாஸ்தா இல்லை. ஐந்து தையல் போட்ட கிழவரை நினைத்தாள். 'பேச' என்பதற்கு மட்டும் ஒரு டிக் போட்டு, மற்ற இரண்டையும் காலியாக விட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். போனால் போகட்டும். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

நான்காம் நாள் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'பணிப்பதிவேட்டுக்கு முரணாக உள்ளது. பிழையைத் திருத்தி மறுபடி அனுப்பவும்.'

கொண்டுவந்து கொடுத்தவன் அன்புமணி. நாலாபக்கமும் பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்தான்.

"டிக்கப் போட்டுருங்கக்கா."

"எனக்குப் படிக்கத் தெரியாது அன்பு."

"அது எனக்கு அன்னிக்கே பந்தல்ல தெரியும். மரியாதை, வாத்தியாருன்னு சொன்னீங்களே, நானும் அப்படித்தான் சமாளிப்பேன்."

"அப்புறம் என்னா? எழுதிப் போடேன். நாற்காலி ஒனக்குத்தான."

அன்புமணி குரலை இன்னும் தாழ்த்தினான். "ஒங்க ஏட்ட நோண்டுனா, அடுத்து என் ஏட்டத்தான நோண்டுவாங்க. எனக்கு இந்தி மூணும் டிக்குக்கா. ஏக், தோ, தீன் அதுக்கு மேல நான் போனதில்ல. சிப்காட் பக்கம் இந்தி போர்டு வைக்கணும்னு வேற பேச்சு அடிபடுது. நீங்க சூப்பரெண்டண்டா இருந்தா எனக்குக் கொஞ்சம் சேஃப்டி."

சௌந்தரம் பேனாவைத் திறந்தாள். 'படிக்க', 'எழுத' என்ற இரண்டு பிழைகளையும் திருத்தினாள். டிக் இரண்டும் சின்னதாக, அழகாக, அந்த எழுத்துகளின் தலையில் இருப்பது போலவே வந்தன.

மேசை இழுப்பறைக்குள் அந்தக் கைபேசி அடித்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பலகையைக் கழற்ற யாருக்கும் உத்தரவு வரவில்லை. அது இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"செப்பண்டி," என்றாள் சௌந்தரம்.

திருப்பதி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஓர் ஆள். எதிரே தமிழில் ஒரு போர்டு இருக்கிறது, பஸ் இங்கேதான் நிற்கும் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டான்.

"ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். படித்துச் சொல்கிறேன்," என்றாள் தெலுங்கில், புதிதாக வந்த அதிகாரத்தோடு.

ஃபோட்டோ வந்தது. 'இங்கே நிற்காதே' என்றிருந்தது.

"தமிழில் என்னம்மா சொல்கிறார்கள்?" என்றான் அவன்.

"கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்," என்றாள் சௌந்தரம்.